ஆறு மணித் தட்டுக்கு என்ன பெயர்?

1. எஸ்தர் அக்காவின் முதல் கேள்வி

ஒரகடம் சாலையில் இருந்த ஒரு பிரஸ் பார்ட்ஸ் கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசராக நான் சேர்ந்தது 1991ல். லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் தகடு வெட்டி, வளைத்து, துளை போட்டு அனுப்பும் கம்பெனி. கேட்டரிங் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தேன். சமையல் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அப்போது நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

தாம்பரத்தில் பஸ் மாறி, படப்பையைத் தாண்டி இறங்கி, நடந்து கேன்டீனுக்குள் நுழைந்தபோது காலை ஷிஃப்ட் ஆட்கள் சாப்பிட்டு முடித்துப் போயிருந்தார்கள். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர்தான் எஸ்தர் அக்கா, தலைமைச் சமையல்காரர். மணிமங்கலத்துக்காரர். அடுப்படி முழுவதும் அவர் ஆட்சி. எனக்கு முன்னால் வந்த சூப்பர்வைசர்கள் இரண்டு பேரும் அவரோடு ஒத்துப்போக முடியாமல் ஓடிவிட்டார்கள் என்று கம்பெனி கேட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இன்னா சார், நாஷ்டா ஆச்சா?" என்றார்.

ஆகவில்லை என்றேன். ஒரு தட்டில் பொங்கலும் கொத்சும் வந்தன. எங்கள் ஊரில் இதற்குக் காப்பி என்று பெயர் என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையாகத்தான் சொன்னேன். காலையில் 'காப்பிக்கு என்ன?' என்று எங்கள் பக்கம் கேட்டால், 'புட்டும் பயறும்' என்று பதில் வரும். குடிக்கிற காப்பி அதற்குப் பிறகு தனியாக வரும். எஸ்தர் அக்கா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நமக்கும் இந்த அம்மாளுக்கும் ஒத்துப்போகும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அந்த வாரத்துக்குள் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கம்பெனியில் வேளைக்கு ஒரு பெயர் கிடையாது, ஆளுக்கு ஒரு பெயர். காலையில் தின்பது எஸ்தர் அக்காவுக்கு நாஷ்டா. பிரஸ் ஷாப் மேனேஜர் சந்தானம் சார் மயிலாப்பூர்க்காரர், அவருக்கு டிபன். யூனியன் செக்ரெட்டரி சுடலைமுத்து அண்ணாச்சிக்குக் கோவில்பட்டி, அவருக்குப் பலகாரம். லோடிங்கில் மூட்டை தூக்கும் ஆட்களைக் கேட்டால், கூழு குடிக்கிற நேரம் என்பார்கள். நான் தட்டில் பூரியே வைத்தாலும் அது அவர்களுக்குக் கூழு குடிக்கிற நேரம்தான்.

மத்தியானம் இன்னும் வேடிக்கை. ஒரே அண்டாவில் வடித்த அரிசி. ஸ்டாஃப் மேஜைக்குப் போனால் 'ரைஸ் வைக்கட்டுமா சார்' என்று கேட்க வேண்டும். சந்தானம் சாருக்கு அது சாதம். வொர்க்கர்ஸ் பக்கம் சாப்பாடு. அடுப்படியில் கடைசியாக உட்கார்ந்து தின்கிற எங்களுக்குச் சோறு. ஸ்டாஃப் மேஜையில் போய் 'சோறு போடவா' என்று கேட்டுவிட்ட ஒரு பரிமாறுகிறவரை அங்கே ஒரு இன்ஜினியர் முறைத்த முறைப்பை நானே பார்த்தேன். அடுத்த வாய் என்னவோ அதே சோறுதான் அவர் வயிற்றுக்குள் போனது. எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பெயரில் என்ன இருக்கிறது, அளவும் ருசியும் சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஏழுமலைக்குத் தலை சுற்றுகிற வரைக்கும்.

2. பிரஸ்ஸில் நின்றவன்

ஏழுமலை சேரப்பணஞ்சேரிப் பையன். பையன் என்று சொல்கிறேனே தவிர, அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பெயர் தேவகி. அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் ஏழுமலைக்கு மனசு ஒட்டவில்லை. பிரஸ் ஆபரேட்டராகப் புரொபேஷனில் இருந்தான். நல்ல வேலைக்காரன். டை என்கிற அச்சை செட் செய்து கொடுத்தால் தகட்டை வைப்பதும் எடுப்பதும் ஒரே தாளத்தில் போகும். பக்கத்தில் நின்று பார்க்கவே நன்றாக இருக்கும். தீபாவளிக்கு முன்னால் வேலை நிரந்தரம் ஆக வேண்டியவர்களில் அவன் பெயர்தான் முதலில் அடிபட்டது.

செகண்ட் ஷிஃப்ட் என்பது மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்தரைக்கு முடியும். நடுவில் ஆறு மணிக்கு அரை மணி நேரம் பிரேக். அந்த நேரத்தில் கேன்டீனில் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர் உண்டு. கம்பெனிக்கும் யூனியனுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் அதற்கு 'டின்னர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஒருநாள் அந்த பிரேக் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஏழுமலை மெஷின் முன்னாலேயே கண் இருண்டு சாய்ந்துவிட்டான். அந்த பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேலே இருக்கிற ராம் என்கிற இரும்புத் தலை இறங்கும். கை விலகியதும் ராம் பாதியில் நின்றுவிட்டது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபர்ஸ்ட் எய்ட் அறையில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். வயிறு காலி, வேறு ஒன்றும் இல்லை என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.

சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கத்துகிற மனிதர் இல்லை. மெதுவாகப் பேசுவார், அதனால்தான் பயமாக இருக்கும்.

"அவன் ஆறு மணிக்கு ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து நிக்கறானாம். நீ எதுக்குய்யா கேன்டீன் நடத்தறே? இன்னொரு தடவை மெஷின்ல சாய்ஞ்சான்னா நான் கன்ஃபர்ம் பண்ண மாட்டேன். அவன் கை எனக்கு முக்கியம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மறுநாளே ஏழுமலையை பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஸ்கிராப் அள்ளுகிற வேலைக்குப் போட்டார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு முடிவு எடுப்பதாகச் சொன்னார்கள். ஸ்கிராப் யார்டில் அவன் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிரஸ் ஓடுகிற பக்கமே அவன் திரும்பவில்லை.

கேன்டீனுக்கு அழைத்துவந்து எஸ்தர் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். சோறு பிடிக்கவில்லையா, சாம்பார் பிடிக்கவில்லையா, என்னதான் விஷயம்? தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சோத்துக்கு இன்னா கொறை சார். நான் வூட்டுக்குப் போறப்போ அது சோறு வடிச்சி வெச்சிக்கினு குந்திக்கினு கீது. எனக்காக சாப்டாம கீது. நான் இங்க வயிறு முட்டத் துன்னுட்டுப் போய் அது முன்னாடி எப்டி சார் ஒக்காருவேன்?"

அது என்பது தேவகி. எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். திட்டுவதற்காகக் கூப்பிட்டவனிடம் இரண்டு பேருக்கும் திட்டு வரவில்லை.

3. கமிட்டி கூடியது

விசாரித்தபோது ஏழுமலை தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. சுற்று வட்டாரத்து ஆட்கள் பாதிப் பேர் ஆறு மணிக்கு அரைக் கரண்டி சோறு வாங்கிக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனால் அங்கே சோறு காத்திருக்கும். வெளியில் ஒரு சோறு, வீட்டில் ஒரு சோறு என்று ஒரே பொழுதில் இரண்டு தடவை தின்பது அவர்களுக்கு ஒப்பவில்லை. எஸ்தர் அக்காவுக்கு அது தினசரி வயிற்றெரிச்சல். மீந்த சோற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தார்.

ஆனால் படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்களுக்கு அந்த ஆறு மணிச் சோறுதான் ராத்திரிச் சாப்பாடு. ஷிஃப்ட் முடிந்து போனால் கடையும் இருக்காது, வடித்துப் போட ஆளும் இருக்காது. அவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வாங்கித் தின்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சோறு அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இட்லியும் வைப்போம். வீட்டில் போய்ச் சாப்பிடுகிறவன் இட்லி தின்றால் அவன் வீட்டுச் சோற்றுக்கு ஒரு குறையும் வராது. நாலு இட்லி தின்றவனை நம் ஊரில் யாரும் சாப்பிட்டவன் என்று சொல்வதில்லையே. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. போர்டில் 'டின்னர்' என்பதை அழித்துவிட்டு 'மாலை டிபன்' என்று எழுதிவிடலாம் என்று கேன்டீன் கமிட்டியில் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி டூல் ரூமில் ஃபிட்டர். யூனியனில் எல்லாரும் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"தம்பி, டின்னர்னுதான பேசி முடிச்சது? இன்னைக்கு நீங்க டிபன்னு எழுதுவீய. தீவாளி கழிஞ்சா டிபனுக்கு எதுக்குச் சோறுன்னு கேப்பாவ. எங்க பயலுவ ராத்திரி எங்க போயி சாப்பிடுவானுவ?"

சந்தானம் சார்தான் கமிட்டித் தலைவர். ஆறு மணிக்கு உலகத்தில் எந்த மனுஷன் டின்னர் சாப்பிடுகிறான், அது டிபன் வேளை என்பது அவர் கட்சி. நீங்கள் மூணு மணிக்கே டிபன் சாப்பிடுகிறவர், ஆறு மணியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று அண்ணாச்சி மடக்கினார். எஸ்தர் அக்கா நடுவில் புகுந்து, ஒரு பொழுதுக்கு ரெண்டு அடுப்பா, மாவு அரைப்பது யார், இன்னொரு கிரைண்டர் வந்தால் பேசுங்கள் என்று தன் பங்குக்கு ஒரு போடு போட்டார். ஒருத்தர் டிபன் என்றால் சோறு கிடையாது என்று எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் டின்னர் என்றால் எல்லாரும் சோறுதான் தின்றாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். நான் இட்லி கொடுக்கலாம் என்று சொன்ன நல்ல விஷயம் எங்கேயோ காணாமல் போய்விட்டது.

நல்லவேளை, மாதிரிக்கு என்று எஸ்தர் அக்கா ஒரு குண்டான் நிறைய இட்லி வைத்திருந்தார். வாய் வேலை செய்தால் சண்டை ஓயும் என்று நான்தான் எல்லார் முன்னாலும் தட்டு வைத்தேன். சந்தானம் சார் கையைக் குறுக்கே நீட்டினார். "எனக்கு வேண்டாம்பா. இன்னிக்கு அமாவாசை. நான் ராத்திரி சாப்பிடறதில்லை" என்றார். பிறகு, மாதிரி பார்க்க வேண்டியது தலைவரின் கடமை என்று இரண்டு வாங்கிக்கொண்டார். சட்னி நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு. மிளகாய்ப்பொடிக்கு மேலும் இரண்டு. விரதக்காரர் என்பதால் அண்ணாச்சியே மரியாதையாகத் தன் தட்டிலிருந்த ஒன்றையும் அவருக்குத் தள்ளிவிட்டார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதில் எந்த வேடிக்கையும் தெரியவில்லை. எனக்கும்தான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரே வேண்டாம். போர்டில் 'ஆறு மணி' என்று மட்டும் எழுதுகிறேன். அதற்குக் கீழே சோறு, சாம்பார், இட்லி, சட்னி. அவரவர் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சோற்றில் ஒரு பிடி குறையாது என்று அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்தேன். கிரைண்டர் வாங்கித் தருவதாக எஸ்தர் அக்காவுக்குச் சந்தானம் சார் வாக்குக் கொடுத்தார். பேச்சு ஒருவழியாக முடிந்தது.

4. எல்லாரும் வந்தார்கள், ஒருவனைத் தவிர

இட்லி வைத்த முதல் நாளே உள்ளூர் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அரைக் கரண்டி ஆட்கள் அத்தனை பேரும் ஆறு, எட்டு என்று வாங்கினார்கள். ஒருவர் தின்றுவிட்டுக் கை கழுவும் இடத்தில் நின்று, வீட்டுக்குப் போனால் இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு, சாப்பிடப் போகிறேன் என்று ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா காலியான குண்டானைக் காட்டி என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஏழுமலை மட்டும் டீயோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு அவனிடமே போனேன். இது சோறு இல்லையப்பா, இட்லி, இதைத் தின்றால் வீட்டில் சாப்பிடுவதற்கு ஒரு இடைஞ்சலும் இல்லை என்று விளக்கினேன். அவன் தலையாட்டினான். எல்லாம் புரிகிறது என்றான். ஆனால் தட்டைத் தொடவில்லை.

"அது அங்க பட்டினியா குந்திக்கினு இருக்கசொல்ல எனக்கு எறங்க மாட்டேங்குது சார்."

அவன் சிநேகிதர்கள் அவனைப் படாத பாடு படுத்தினார்கள். புது மாப்பிள்ளை இன்னும் விரதம் முடிக்கவில்லையா என்று கேட்பார்கள். எஸ்தர் அக்கா மிரட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். நான் பிஸ்கட் பொட்டலத்தை அவன் சட்டைப் பையில் திணித்துப் பார்த்தேன். அதையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் ஒரு வார்த்தை பேசு, அந்தப் பெண்ணை நேரத்துக்குத் தின்னச் சொல் என்றேன். தலை சுற்றியதும் பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குத் தெரியாது என்றான். தெரிந்தால் அழும் என்றான்.

எனக்குக் கோபமும் வந்தது, அவன் மேல் ஒரு பிரியமும் வந்தது. இப்படி ஒருத்தன் இருப்பானா என்று இருந்தது. ஆனால் பிரியம் வைத்து என்ன செய்ய? ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. சந்தானம் சார் சொன்ன சொல் மாற மாட்டார்.

5. ஆயுத பூஜை

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜை அன்றுதான் ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆட்களை உள்ளே கூட்டிவந்து, இதுதான் என் மெஷின் என்று காட்டுகிற நாள். முந்தின நாளே எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகக் கழுவி, பட்டை போட்டு, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்டுக்குக்கூட மாலை. அதன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காயை கேட்டில் உடைத்து, பொரி, கடலை, சுண்டல் என்று பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பட்டுப் பாவாடைக் குழந்தைகள் ஷாப் ஃப்ளோர் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தன.

ஏழுமலையின் பழைய பிரஸ்ஸைப் பார்த்தேன். மற்றவற்றைவிடப் பளபளவென்று இருந்தது. ஸ்கிராப் யார்டு வேலை முடிந்த பிறகு வந்து அவனே கழுவித் துடைத்து மாலை போட்டிருக்கிறான். அதன் முன்னால் தேவகியையும் அவன் அம்மாவையும் நிற்க வைத்து, இங்கே தகடு வைக்கணும், இங்கே பட்டன், இங்கே அழுத்தணும் என்று காட்டிக்கொண்டிருந்தான். தேவகி கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது அவன் மெஷின் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் குடும்பங்களுக்கு எல்லாம் கேன்டீனில் இலை போட்டுச் சாப்பாடு. வடை பாயசத்தோடு. சந்தானம் சாரும் அவர் மனைவியும் ஸ்டாஃப் பக்கம் போகாமல் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்தார்கள். தேவகிக்கும் மாமியாருக்கும் எதிர் இலையில். ஏழுமலை தேவகி பக்கத்தில். சாம்பார் வாளியோடு வந்த எஸ்தர் அக்கா அங்கே நின்றுவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன். வேண்டாம் என்று கையைக்கூட ஆட்டினேன். அவர் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, நீ நல்ல பொண்ணாத்தான் கீறே. உன் புருசன் உன்ன நெனச்சி ஆறு மணிக்கு ஒண்ணும் துன்னாம, மெஷினாண்டயே மயக்கம் போட்டு வுழுந்தானே. உன்னாண்ட சொன்னானா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். தேவகியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எப்போது, ஏன் என்று அவனைத்தான் கேட்டாள். நீ பட்டினி கிடக்கிறாயாம், அதனால் அவனும் பட்டினியாம் என்று எஸ்தர் அக்காவே சொன்னார்.

"பட்டினியா? நானா?" என்றாள் தேவகி. நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விளக்கு வெச்சதும் நானும் அத்தையும் தோசை சுட்டுத் துன்னுடுவோமே."

"நேத்து அடை" என்றார் மாமியார். "பக்கத்து வூட்லருந்து சுண்டல் வந்துது. அதயும் துன்னோம்."

ஏழுமலை நிமிர்ந்தான். "சாப்டலன்னுதான தெனம் சொல்ற?"

"சாப்டலதான்" என்றாள் தேவகி. "நீ வந்தப்பொறம்தான சாப்பாடு. தோசை சாப்பாடா?"

இதில் எனக்கு இன்றும் மறக்காதது என்ன தெரியுமா? ஒருவரும் சிரிக்கவில்லை. பந்தி முழுவதும் தலையை ஆட்டியது. ஆமாம், தோசை எப்படிச் சாப்பாடாகும் என்று இரண்டு இலை தள்ளி இருந்த ஒரு பெரியவர் நியாயம் சொன்னார். சுடலைமுத்து அண்ணாச்சிகூட, அது பலகாரம்லா என்றார். எஸ்தர் அக்காவும் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்பது போல் வாளியைக் கீழே வைத்தார். அந்தப் பெண் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தினமும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, சாப்பிடாமல் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே பட்டினி கிடந்தவன் அவன் ஒருவன்தான்.

முதலில் சிரித்தது சந்தானம் சாரின் மனைவி. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்காத்துலயும் அமாவாசை தவறாம ஒருத்தர் விரதம் இருக்கார்" என்றார். "அன்னிக்கு மட்டும் நான் ரெண்டு ஈடு இட்லி அதிகமா வார்க்கணும்."

அவ்வளவுதான். கமிட்டியில் இருந்த நாங்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணாச்சிக்குத் தன் தட்டிலிருந்து தள்ளிவிட்ட இட்லி ஞாபகம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எஸ்தர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சந்தானம் சார் கொஞ்ச நேரம் முறைப்பாக இருந்துவிட்டு, விரதம் என்றால் விரதம்தான் என்று ஆரம்பித்தார். முடிக்க முடியாமல் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏழுமலை மட்டும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், காது சிவக்க, ஆனால் அப்படி ஒரு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான். அவள் பட்டினி இல்லை என்பதுதான் அவனுக்கு முக்கியம். தான் இத்தனை நாள் வீணாகக் கிடந்ததை அவன் நினைத்த மாதிரியே தெரியவில்லை.

தேவகி சிரிக்கவில்லை. இலையிலிருந்த வடையை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

"இனிமே ஆறு மணிக்குத் துன்னு" என்றாள். "துன்னாம வந்தின்னா வூட்ல ஒனக்குச் சோறு கெடையாது."

சந்தானம் சார் பாயசத்தை முடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஏழுமலையின் முதுகுப் பக்கமாக நின்று, திங்கட்கிழமை செகண்ட் ஷிஃப்ட், ஸ்கிராப்புக்குப் போக வேண்டாம், உன் மெஷினுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் போய் இன்னொரு பாயசம் வாங்கிக் குடித்தேன். அதுதான் எனக்கு அந்த நேரத்தில் செய்யத் தோன்றியது.

6. திங்கட்கிழமை

அதற்குப் பிறகு மறைமலை நகரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய பெரிய கேன்டீன்களில் வேலை பார்த்துவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், ஆட்கள் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். யாரையும் 'சாப்பிட்டாயா' என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்கள் தங்கள் ஊரையும் வீட்டையும் வைத்துப் பதில் சொல்வார்கள். வயிற்றை வைத்துச் சொல்ல மாட்டார்கள். 'கடைசியாக வாயில் என்ன போட்டாய், எப்போது போட்டாய்' என்று கேளுங்கள். பெயர் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், தட்டு காலியாகிறதா என்று பாருங்கள். அதை நான் டிப்ளமோவில் படிக்கவில்லை, ஆயுத பூஜைப் பந்தியில் படித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கவுன்டர் பக்கத்திலேயே நின்றேன். ஏழுமலை கையில் கிரீஸ் வாசனையோடு வந்தான். எஸ்தர் அக்கா எண்ணாமல் இட்லியை அடுக்கினார். தின்றான். மறுபடியும் போய் வாங்கித் தின்றான். சட்னியை வழித்து, சாம்பாரைத் தட்டோடு தூக்கிக் குடித்தான். எனக்குத்தான் வயிறு நிறைந்தது.

அருகில் போய், வேண்டுமென்றே கேட்டேன்.

"என்ன ஏழுமலை, சாப்பிட்டாச்சா?"

அவன் மீசையிலிருந்த சாம்பாரைப் புறங்கையால் துடைத்தான்.

"இன்னும் இல்ல சார். வூட்டுக்குப் போய்த்தான்."